வீடு தேடி வந்த ஓட்டச்சாறு

ஆவுடையப்பன் பல் தேய்க்கப் போகிறார் என்றால், அவரது நகர்நாற்காலி போகிறது என்று பொருள். செவ்வாய்க் கிரகத்தின் ஐந்தாம் குடியிருப்புக் குமிழியில் தரையில் கால் பதிப்பவை நடை பழகும் குழந்தைகள் மட்டும்தான்.

அவர் குமிழியின் காற்றுக்கதவுக் காவலர். போன வாரம், உள்கதவைச் சாத்தினோமா என்பதை மறந்து வெளிக்கதவின் பிடியில் கை வைத்துவிட்டார். திருகியிருந்தால் காற்றெல்லாம் வெளியேறி ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அடுத்த மாதம் நினைவுத்தேர்வு, தோற்றால் வேலை காலி என்று மேலிடம் சொல்லிவிட்டது.

டாக்டர் நஸீமா ஓட்டச்சாறு எழுதிக் கொடுத்தார். பூமியில் தினமும் ஓடுகிறவர்களின் ரத்தத்திலிருந்து, மூளைக்கு உரமேற்றும் சத்தை மட்டும் பிரித்தெடுத்த ஊசிமருந்து. அடுத்தவன் ஓட, நமக்குப் புத்தி வரும். வேறென்ன வேண்டும்?

ஆனால் மருந்தகம் இருந்தது பழைய குமிழியில். அங்கே எங்கு பார்த்தாலும் படிகள், நாற்காலி ஏறாது. மூச்சு வாங்க ஏறிப் போனால், எந்திர எழுத்தர் கீழே போய் முத்திரை வாங்கி வரச் சொன்னது. கீழே முத்திரை எந்திரம் சாப்பாட்டு நேரம் என்றது. எந்திரத்துக்கு என்னய்யா சாப்பாடு! மறுநாள் கைரேகை சரியில்லை, அதற்கு மறுநாள் சரக்கு இல்லை. மாதம் முழுக்க நாயாய் அலைந்தார்.

விட்டுத் தொலைக்கச் சொன்னாள் மனைவி கோமதி.

"விடுறதா? என்னை அலையவிட்ட ஒவ்வொரு எந்திரத்தோட நம்பரும் மனசுல இருக்கு" என்றவர், ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

தேர்வு நாள்வரை மருந்து கிடைக்கவில்லை. தொலைந்தோம் என்று போய் உட்கார்ந்தவர், குமிழியிலேயே முதலாவதாகத் தேறினார்.

"படி ஏறி இறங்கினதுதான் உங்களுக்கு மருந்து. நிறுத்திடாதீங்க" என்றார் நஸீமா.

ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனை இழுத்தடித்துவிட்டு அதற்கு வியாக்கியானம் வேறா? அன்றே புகார் செய்தார். குமிழியே சேர்ந்து கையெழுத்துப் போட்டது. மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தர உத்தரவு வாங்கிய பிறகுதான் ஓய்ந்தார். நாற்காலிக்கு மெத்தையும் புதிதாக மாற்றிக்கொண்டார்.

அதிலிருந்து மாதாமாதம் ஓட்டச்சாறு வாசலில் வந்து இறங்கியது. அடுத்த நினைவுத்தேர்வில் அவர் தோற்று, கதவுச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று கோமதி அலமாரியைத் திறந்தாள். அத்தனை குப்பிகளும் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன.

"ஏங்க, ஒண்ணுகூடப் போட்டுக்கலையா?"

ஆவுடையப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கொண்டாந்து குடுத்தா ஆச்சா? போட்டுக்கச் சொல்லி ஞாபகப்படுத்த வேணாமா? இப்பவே புகார் குடுக்கிறேன் பாரு."

நாற்காலி வாசல்வரை போய் நின்றது. எங்கே போக வேண்டும் என்று கேட்டது. அவருக்கு நினைவு வரவில்லை.