சிமெண்டு அடைத்த மூலை

1964, மழைக்கு முந்தின ஒரு மாலை. திண்டிவனத்துக்கு வெளியே இருந்த மடத்துப் பள்ளியில் பீடத்துக்குப் பூ வைப்பது அன்றைக்கு டீச்சர் லூர்துமேரியின் முறை. சிற்றாலயத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேற்குச் சுவர் எரிந்துகொண்டிருந்தது.

ஊரார் அறிந்த கோயில் சன்னல் கண்ணாடிகளில் மாதாவோ சூசையப்பரோ இருப்பார்கள். இதில் யாருமில்லை. பிரெஞ்சுக்காரி சிஸ்டர் தெரேஸ், செங்கல் கனமுள்ள கண்ணாடிப் பாளங்களைச் சுத்தியால் கொத்தி, துண்டுகளைச் சிமெண்டில் பதித்து, சட்டம் சட்டமாக ஏற்றிய சன்னல் அது. நீலம், தேன் நிறம், இடையிடையே சிவப்பு. கொத்துப்பட்ட ஓரங்களில் வெயில் சில்லுச்சில்லாகச் சிதறியது. தரையில் நீலம் தண்ணீர் போல அசைந்தது.

அழகுதான். அதை நிமிர்ந்து பார்க்கத்தான் அவளுக்கு யோக்கியதை இல்லை.

இதற்குக் கலவை சுமந்த சித்தாள்களில் ஒருத்தி செண்பகம், வானூர்ச் சேரிக்காரி. லூர்துமேரியின் சொந்த அத்தை.

அது இங்கே யாருக்கும் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் ‘பாண்டிச்சேரிப் பக்கம்’ என்றிருந்தாள், அந்தச் சேரியின் முதல் பி.ஏ. கர்த்தர் முன்னாலேயே எந்தச் சாதி எந்தப் பக்கம் உட்காருவது என்று பிரித்து வைத்திருந்த ஊர். உண்மையைச் சொன்னால் கோயிலில் முன்வரிசை போய், அவளுக்கும் கதவோரப் பாய்தான். அத்தை புரிந்துகொண்டாள். நாலு பேர் முன்னால் ‘டீச்சரம்மா’ என்பாள். ஆளில்லாதபோது முந்தானை முடிச்சிலிருந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலையை எடுத்து நீட்டுவாள்.

“யாரும் பாக்கல. துன்னு பாப்பா.”

இரண்டு வருஷத்துக்கு முன், கடைசிச் சட்டத்தைக் கயிறு கட்டி ஏற்றிய அன்று, சிஸ்டர் ஆங்கிலத்தில் எச்சரித்தார். சிமெண்டு இறுகவில்லை, கீழே யாரும் நிற்கக்கூடாது. அதைத் தமிழில் சொல்வது லூர்துமேரியின் வேலை. சொன்னாள். கிட்டத்தில் நின்ற கொத்தனார்கள் விலகினார்கள். காதில் விழாத தூரத்திலிருந்து, தலையில் கலவைச் சட்டியோடு, அத்தை நேரே சட்டத்துக்கடியில் வந்தாள்.

கத்த வேண்டும். வாய்க்கு வந்தது ஒரே சொல். அத்தே. பக்கத்தில் மற்ற டீச்சர்கள் நின்றிருந்தார்கள்.

விழுங்கிவிட்டாள்.

சட்டம் விழுந்தது.

பூச்சாடியை வைத்துவிட்டுத் திரும்பிய லூர்துமேரியின் வெள்ளைப் புடவையில், தோள்பட்டை மேல், ஒரு சிவப்பு விழுந்திருந்தது. உள்ளங்கை அளவு. நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது. வெளியே மேகம் மூடியது. நீலம் அணைந்தது. தேன் நிறம் அணைந்தது.

சிவப்பு அணையவில்லை.

ஈரச் சிமெண்டு வாசம் வந்தது. அதற்குள்ளே, வேகவைத்த மல்லாட்டை வாசம்.

உபதேசியார் இருதயராஜ் மெழுகுவர்த்தியோடு வந்தார். “இன்னா டீச்சர், இருட்டுல நின்னுக்கினு?”

“மேல் மூலையில அந்தச் சிவப்புக் கண்ணாடி… வெயிலே இல்லாம…”

அண்ணாந்து பார்த்தார். “அங்க ஏதுங்க கண்ணாடி? விழுந்து ஒடஞ்சப்ப அந்த ஒரு துண்டு மட்டும் ஆப்புடவேயில்ல. தேடிப் பேஜாராகி வெறும் சிமெண்ட வச்சி அடச்சிட்டாங்க.” குரல் தணிந்தது. “பாவம், அந்தச் சித்தாளு. அண்ணங்காரன் வந்து மாட்டு வண்டில தூக்கிக்கினு போனான். இங்க அவளுக்குன்னு அழ ஒரு ஆளு இல்ல.”

அந்த அண்ணன் லூர்துமேரியின் அப்பா. அன்றைக்கு அவரும் அவளைத் தெரியாதவர் போலவே போனார்.

போதும். வேலை போகட்டும், முன்வரிசையும் போகட்டும்.

“ஆள் இருக்குதுங்க. அவங்க எங்க அத்—”

வாய் அடைபட்டது.

சொரசொரப்பான, ஈரமான உள்ளங்கை. காதோரம் மூச்சு.

“சும்மா இரு பாப்பா. உபதேசியார் காதுல உழுந்துடப் போவுது.”

கை விலகியது.

“இன்னாங்க, பாதியில நிறுத்திட்டீங்க?” இருதயராஜ் மெழுகுவர்த்தியை அவள் முகத்துக்கு நேரே தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

“டீச்சர், ஒங்க வாயெல்லாம் சிமெண்டு. ஈரங்கூடக் காயலியே.”