ரப்பருக்கு அடியில் ஒரு சில்லு

"எங்கேப்பா போயிருந்தீங்க?"

"மலைக்கு."

"எந்தப் பக்கம்?"

"எல்க் மான் நிக்கிற இடத்தை உங்கம்மாகிட்டயே சொன்னதில்ல. உனக்குச் சொல்வேனா?"

போன நவம்பரில் பனியில் வழி தவறி, மறுநாள் விடிந்தபின் வீடு திரும்பிய ஹால்வரும் மகள் மேரிட்டும் பேசியது அவ்வளவுதான். "அதோட அவ வாயை மூடிட்டா," என்று சொல்லிச் சிரித்தார் ஹால்வர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மேசைமேல் கிடந்த வேட்டைத் துப்பாக்கியைக் காட்டினார்.

துப்பாக்கிக் கட்டையின் முனையில், தோளில் பதியும் ரப்பரில் கிழிசல் தெரிய, மாற்றலாம் என்று கழற்றியிருக்கிறார். கட்டையின் குழிக்குள் ஆரஞ்சுத் துணியில் சுற்றி, நாணயம் அளவில் ஒரு சில்லு. துப்பாக்கி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் சில்லு.

"கோடையில ஓரின் கடைக்குத்தான் பழுது பார்க்கப் போச்சு. சனிக்கிழமை வேட்டைக்காரங்க சங்கக் கூட்டத்துல இதைத் தூக்கிக் காட்டப் போறேன். அப்புறம் மொன்டானாவுல எவனும் அவன் கடைப் படி ஏற மாட்டான்."

"அரசாங்கம்தான்," என்று துள்ளினார் பக்கத்து வீட்டு பர்ல். "ஓரின் அவங்க கையாள்."

"நம்ம கோழி காணாமப் போனப்பவும் அரசாங்கம்னுதான் சொன்ன," என்றாள் அவர் மனைவி வர்னா. வனவிலங்குக் காவலில் இருந்து ஓய்வு பெற்றவள். ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கதவருகே இரண்டு ஆரஞ்சு வேட்டை அங்கிகள் தொங்கின. பெரியது வெளுத்திருந்தது, சிறியதில் விலைச்சீட்டுகூடக் கழற்றப்படவில்லை. மேரிட் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"துப்பாக்கி அலமாரியோட பூட்டு எண் யாருக்குத் தெரியும்?" என்று ஹால்வரைக் கேட்டாள் வர்னா.

"எனக்கும் மேரிட்டுக்கும்."

"திருகாணி ரப்பருக்கு உள்ள இருக்கு. ஓரின் திருப்புளியில சோப்பு தடவித்தான் ரப்பருக்குள்ள விடுவார். கழட்டினதே தெரியாம துளை மூடிக்கும். இது காய்ஞ்ச திருப்புளி கிழிச்சது. அவர் இல்ல."

"அப்போ அரசாங்கம்," என்றார் பர்ல், விடாமல்.

"உளவு பார்க்கிறவன் துணி எதுக்குச் சுத்தணும்? உள்ள குலுங்கினா மான் ஓடிடும். ஹால்வரோட வேட்டை கெடக்கூடாதுன்னு நினைச்ச ஆள் வெச்சது இது."

வர்னா எழுந்து போய்ச் சிறிய அங்கியின் அடி ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். உட்புற மடிப்பில் ஒரு துண்டு வெட்டப்பட்டிருந்தது.

ஹால்வரின் முகம் இறுகியது. "என் வீட்டுக்குள்ளயேவா?"

"உங்க கோபம் நியாயம்தான். நீங்க போற இடம் உங்களோடது. உங்களுக்குத் தெரியாம யார் பின்தொடர்ந்தாலும் தப்பு, மகளா இருந்தாலும். ஆனா அந்தத் தப்பை ஓரின் தலையில கட்ட விடமாட்டேன்." வர்னா மேரிட்டின் பக்கம் திரும்பினாள். "போடாத அங்கியை எதுக்கும்மா வாங்கி மாட்டியிருக்க? உனக்கு வேணுங்கிறது இந்தச் சில்லு இல்ல. வேணுங்கிறதை இப்பவாவது கேளு."

மேரிட் காபிக் கெண்டியை மேசையில் வைத்தாள். சில்லை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"சொல்லாம வெச்சது தப்புதான்ப்பா. அந்த ராத்திரி முழுக்க உங்களை எந்தப் பக்கம் தேடறதுன்னுகூட எனக்குத் தெரியல." அவள் அப்பாவின் முகத்திலிருந்து கண்களை விலக்கவில்லை. "இடத்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க."