நாலு ஊருக்கு ஒருத்தன்

"திங்கட்கிழமை வர வேண்டிய ஆளு, புதன்கிழமை மழையோட வந்து நிக்கிறீங்க... வெட்கமா இல்ல?"

நகராட்சி அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பிறப்புச் சான்றிதழ் கவுன்டரிலிருந்து அவள் போட்ட சத்தம் அப்படி. மூன்று நாளாகக் கம்ப்யூட்டர் படுத்துக் கிடக்கிறது. பள்ளிக்கூடச் சேர்க்கைக்குச் சான்றிதழ் கேட்டு வரும் தாய்மார்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவள் இவள்.

வாசலில் சொட்டச் சொட்ட நின்றவன் நாலூரான். செலவைக் குறைக்கிறோம் என்று அக்கம்பக்கத்து நகராட்சிகள் நான்கும் சேர்ந்து பொதுவாக வைத்துக்கொண்ட ஒரே கம்ப்யூட்டர் இன்ஜினியர். அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"பக்கத்து ஊர்ல சர்வர் நின்னுபோச்சு, மேடம்..."

"அப்ப நாங்க மட்டும் என்ன மாற்றாந்தாய் பிள்ளையா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்... ஒரே ஒரு பார்வை. இமையில் மழைத்துளி நிற்க, தூக்கம் கெட்டுச் சிவந்து, அப்படியும் சிரிக்கப் பார்த்த கண்கள்! அவளுக்கு அடுத்த வசவு ஒரு நொடி மறந்துபோனது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அன்று மாலையே நான்கு ஊர்க் கூட்டுக் குழுவுக்குப் புகார் எழுதிப் போட்டாள். 'இந்த ஆளை நீக்குங்கள்.'

அதன்பின் வாரம் தவறாமல் சண்டை. ஒரு திங்கட்கிழமை மதியம் இரண்டாகியும் ஆளைக் காணோம். போன் போட்டாள். அவன் எடுத்த மாத்திரத்தில், அங்கே வேறொரு ஊர் அலுவலகத்தில் யாரோ ஒரு பெண் அவனைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

"வெட்கமா இல்ல உங்களுக்கு? நாங்க மட்டும் மாற்றாந்தாய் பிள்ளையா?"

அட்சரம் பிசகாமல் இவளுடைய வசவு! இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அவரைத் திட்ட இவ யாரு?'

நினைத்த மறுகணம் ரிசீவரைப் பட்டென்று வைத்தாள். காது மடல் சுட்டது. அடக் கடவுளே... சங்கதி இப்படிப் போகிறதா?

மறுநாளே அடுத்த இடி. வெள்ளிக்கிழமை கூட்டுக் குழு கூடுகிறதாம். இவள் புகாரை வைத்து அவனை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்களாம்.

எழுதிய கையாலேயே இல்லை என்று எழுதுவதா? நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? இரண்டு நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை, கூப்பிடாமலே கூட்ட அறைக்குள் நுழைந்தாள். சுவரோரம் அவன் தலைகுனிந்து நின்றிருந்தான்.

"அந்தப் புகாரை எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன். தப்பு இவர் மேல இல்ல... உங்க மேல! நாலு ஊர் வேலையை ஒருத்தர் தலையில கட்டிட்டு, வேலை நடக்கலைன்னு அவரையே அனுப்புவீங்களா? இன்னொரு ஆளைப் போடுங்க சார்!"

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வண்டி நிறுத்தும் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து அவன் வந்தான்.

"ஜெயிச்சுட்டீங்க மேடம். இன்னொரு ஆள் போடுறாங்க. ஆளுக்கு ரெண்டு ஊர்."

"நல்லது."

"எனக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஊர். உங்க ஊருக்கு... புது ஆளு."

அவளுக்குக் கண்ணீரும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன.

"நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க? வாயில்லையா உங்களுக்கு? நான் கத்தினாலும் சும்மா நிக்கிறது, அவங்க சொன்னாலும் தலையாட்டுறது! திங்கட்கிழமை ஆனா நான் வாசலையே பார்த்துக்கிட்டு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு! போதுமா?"

அவன் மெல்லச் சிரித்தான்.

"அந்த ரெண்டு ஊரை நான்தான் கேட்டு வாங்கினேன், மேடம்."

"என்னது?"

"உங்க ஆபீஸ் ஆளா வந்தா வாரத்துல ரெண்டு மூணு நாள்... அதுவும் திட்டு வாங்க. எனக்கு அது பத்தாதுங்க. வேலை முடிஞ்சு தினமும் சாயங்காலம் உங்களைப் பார்க்கவே வரணும்." கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினான். "மணி அஞ்சரை. இப்ப நான் எந்த ஊருக்கும் பொது இல்ல. உங்களுக்கு மட்டும்தான், மேடம்."

"அப்புறம் இன்னும் என்ன மேடம்?" என்று சீறினாள் அவள்.