ஒருவர் மட்டும்

கச்சிராயபாளையத்தில் பழைய வெல்ல மண்டிக்கு வெள்ளையடித்துப் பிரசவ வண்டி ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். பகல் மூன்று மணிக்கு லேப்டாப்போடு நுழைந்த கவியரசனுக்கு வெல்லம் மணத்தது. அதற்கடியில் ஈரத்துணி மக்கிய வாடை.

மலையில் யாருக்கு வண்டி என்று எடுத்துக்கொடுக்கும் புரோகிராம் அவன் எழுதியது. அவன் நிபந்தனைகளைத் துண்டு துண்டாய்க் கொடுப்பான். பைதான் லைப்ரரி அவற்றைக் கோத்து, க்வெரி என்கிற ஒரே கேள்வியாக்கி டேட்டாபேஸைக் கேட்கும். வருகிற பெயர் நேராக வண்டியிலுள்ள டேப் திரைக்குப் போகும். 'போன் நம்பர் இல்லாதவரை விடு' என்று ஒரு துண்டு. போன மாதம் அதில் விடுபட்டவள் ஜெயசுதா. கொட்டும் மழையில், ரோட்டோரம், பிள்ளை பாதி வந்தபடி செத்தாள்.

"நம்பர் குடுக்கலன்னா நான் இன்னா பண்றது?" என்றான் அன்று. நன்றாகத் தூங்கவும் தூங்கினான்.

இன்று வலி அவன் மனைவி மணிமொழிக்கு. தலைப்பிரசவத்துக்கு மலையிலுள்ள தாய்வீடு போயிருந்தாள். அங்கே டவர் இல்லை. பதிவில் நம்பரும் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் டவர் கிடைக்கும் இடம்வரை இறங்கி வந்து சேதி சொன்னார்.

வெள்ளிமலையில் நிற்கும் ஒரே வண்டியின் புது டிரைவர் இன்னாசியைப் போனில் கூப்பிட்டான்.

"டேப்புல பேர் வராம வண்டிய எடுத்தா வேலை பூடும் சார். நீங்க வெச்ச ரூல்தான?"

போன் நம்பர் துண்டை நீக்கிப் புரோகிராமை ஓட்டினான். வந்தது ஒரே பெயர்.

ஜெயசுதா.

'இறந்தவரை விடு' என்று சேர்த்தான்.

ஜெயசுதா.

லைப்ரரி கோத்த க்வெரியைத் திரையில் கொட்டிப் பார்த்தான். அவன் துண்டுகளுக்குக் கீழே, அவன் எழுதாத இரண்டு வரிகள்.

அதிக நேரம் காத்திருப்பவர் முதலில்.

ஒருவர் மட்டும்.

தான் எழுதிய புரோகிராம் முழுக்கத் தேடினான். எங்கேயும் இல்லை. இல்லாததை எப்படி அழிப்பது?

போன் எடுக்கும் ராணியம்மாள் மெல்லக் கேட்டாள்: "இன்னா சார், உங்க காலாண்ட தண்ணி?"

போன் அடித்தது. இன்னாசி.

"ஏத்திக்கினேன் சார். ஜெயசுதாம்மா. தொப்பலா நனைஞ்சிருக்காங்க."

"எறக்கி வுடுண்ணா!"

"எப்படி சார் எறக்கறது? பாதி வந்துட்டுதே."

வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது உள்ளே ஈரம் மட்டும் இருந்தது. மணிமொழியை மறுநாள் கட்டிலோடு தூக்கி வந்தார்கள், அவசரம் ஏதுமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடித்து, கவியரசன் அதே நாற்காலியில் உட்கார்ந்து க்வெரியை மறுபடி கொட்டிப் பார்த்தான். கடைசி வரி மட்டும் மாறியிருந்தது.

இருவர் மட்டும்.