பிடுங்கிய ஃபியூஸ்

டெஸ்டர் எரிந்தது. எரிந்திருக்கக் கூடாது.

படுக்கையறையில் மின்விசிறியை மாற்ற ஏணியில் ஏறி நின்ற கணவன், அதை உதறிவிட்டு மறுபடி ஒயர் முனையில் வைத்தான். சிவப்புப் பொட்டு அசையாமல் எரிந்தது.

"ஏய் மகாராணி, ஃபியூஸைப் பிடுங்கினியா, இல்ல காலையில போட்ட சண்டைக்குக் கணக்குத் தீர்க்கறியா?"

"கையிலதாங்க இருக்கு!" கீழே நின்ற மனைவி ஃபியூஸின் பீங்கான் கட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

'பிடுங்கின கட்டையைக் கையோட வச்சுக்குங்கம்மா. வேற யாராச்சும் தெரியாம மாட்டிட்டா ஆள் காலி' என்று எலக்ட்ரீஷியன் போனில் சொல்லியிருந்தார். வேறு யார் இருக்கிறார்கள்? போன மாதம் வாங்கிய பழைய வீடு. இருப்பது இவர்கள் இரண்டே பேர்.

"எதையும் தொட்டுடாதீங்க. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

"சீக்கிரம் பார்த்துட்டுக் குரல் குடு. கை கடுக்குது."

மழை மூடிய பிற்பகல். ஈரச் சுண்ணாம்பின் வாடையும் அதனடியில் கருகிய நகம்போல் ஏதோ ஒன்றின் நெடியும் கலந்து வந்த அந்த நீண்ட நடைவழியில், வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவதுபோல் ஓர் ஓசை மாடிப்படிக்குக் கீழிருந்த ஃபியூஸ் பெட்டியிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் பல்பு மங்கியது, பிரகாசித்தது, மறுபடி மங்கியது. மூச்சு விடுவதுபோல.

பெட்டி மூடியில் கை வைத்தாள். வெதுவெதுப்பு.

திறந்தாள்.

கட்டையைப் பிடுங்கிய பள்ளத்துக்குள், சுவரின் பின்பக்கத்திலிருந்து, இரண்டு விரல்கள் நீண்டிருந்தன. சுண்ணாம்பு நிறம். கருத்த நகங்கள். மேல் செம்புப் பிடியில் கட்டைவிரல். கீழ்ப் பிடியில் ஆள்காட்டி விரல்.

அவள் பார்த்ததும் அவை மெல்ல விலகின. பல்பு அணைந்தது. முனகல் நின்றது.

படுக்கையறையிலிருந்து சந்தோஷமான குரல். "டெஸ்டர் அணைஞ்சிடுச்சும்மா! கில்லாடிதான் நீ. ஒயரைப் பிடிக்கட்டுமா?"

வேண்டாம். வேண்டாம். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பீங்கான் கட்டை கை நழுவித் தரையில் விழுந்து உடைந்தது.

"ம், பிடிங்க" என்றது சுவர், அவள் குரலில்.

ஏணி கிரீச்சிட்டது.

விரல்கள், அவசரமே இல்லாமல், செம்பை நோக்கி விரியத் தொடங்கின.