வெறும் தண்ணீரில் அணைந்த பச்சை

குழாய்த் தண்ணீரில் தோய்த்த சோதனைப் பட்டையின் பச்சை ஒளி அணைந்திருந்தால் அவள் பதறியிருப்பாள், ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். அணைந்ததோ வெறும் தண்ணீரில் தோய்த்த பட்டை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே ஆய்வகத்தில் வடித்தெடுத்த, ஒன்றும் கலக்காத தண்ணீர். அதில் ஈயம் எங்கிருந்து வரும்?

மழையில் மின்சாரம் போயிருந்தது. சமையல்மேடையில் பேட்டரியில் எரியும் புற ஊதா விளக்கின் மங்கிய ஊதா வெளிச்சமும், ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும், உள்ளறையில் மகள் தூக்கத்தில் முனகுவதும் தவிர வேறொன்றும் இல்லை. நாலு வயதுக்காரி, சரியான வாயாடி. கொஞ்ச நாளாக வயிற்றுவலி, பேச்சே குறைந்துவிட்டது. பூச்சித்தொல்லை என்றார் டாக்டர். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வேலையிடத்தில் தானே செய்யும் பட்டைகளைக் கொண்டுவந்து, வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பட்டை செய்ய, நாக்கில் பட்டால் இனிக்கும் ஈய உப்பை நடுவில் வைத்து, பாலிமர் என்ற பிளாஸ்டிக் கூழை இறுக விடுவார்கள். பிறகு ஈயத்தைக் கழுவி எடுத்துவிட்டால், அதன் அளவுக்கே குழி மிஞ்சும். வேறெதுவும் அதில் உட்காராது. ஈயம் வந்து உட்கார்ந்தால், விளக்கடியில் பச்சையாக ஒளிரும் பட்டை அணைந்துபோகும்.

கூட வேலை பார்க்கும் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"என்ன சுத்தம், வீட்டுலயும் வேலையா?" ஆய்வகத்தில் அவளுக்குச் 'சுத்தம்' என்றே பட்டப்பெயர், பட்டைகளை அப்படிக் கழுவுவாள்.

"வெறும் தண்ணியிலேயே அணையுதுண்ணே."

"பழைய கதைதானே? கழுவல் பத்தல, உள்ள கொஞ்சம் ஈயம் தங்கியிருக்கும். அந்த அளவக் கழிச்சிட்டுக் கணக்குப் போடு."

மாதக்கணக்காக அப்படித்தான் கழித்துக்கொண்டிருந்தார்கள். போனை வைத்தாள். இன்னொரு பட்டையை, சும்மா ஒரு சந்தேகத்துக்கு, இடுக்கியால் எடுத்து அதே தண்ணீரில் போட்டாள்.

அணையவில்லை. பச்சை அப்படியே நின்றது.

விரலால் ஒன்றை எடுத்துப் போட்டாள். அணைந்தது.

கையைச் சோப்புப் போட்டுத் தேய்தேயென்று தேய்த்து, மறுபடி விரலால் ஒன்றைப் போட்டாள். அதுவும் அணைந்தது. கையுறை போட்டால் மெல்லிய படலம் கிழியும் என்று ஆய்வகத்தில் எல்லாரும் வெறும் விரலால்தான் வேலை செய்வார்கள். ஈயம் பட்டையை விட்டுப் போய்விட்டதா என்று மட்டுமே பார்ப்பார்கள். போன ஈயம் எங்கே போனது? அட கடவுளே, ஒருநாளாவது கேட்டாளா?

பட்டைகளை நனைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். கதவுப்பிடி. அணைந்தது. மகளின் டம்ளர் விளிம்பு. அணைந்தது. சீப்பு. பொம்மையின் கன்னம். இருட்டு. இருட்டு.

உள்ளே முனகல் நின்றிருந்தது.

வேறொரு சத்தம். ஈரமான சத்தம். எதையோ சப்பும் சத்தம்.

விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். துவைக்கக் கொண்டுவந்த ஆய்வகக் கோட்டை மடியில் போட்டு, அதன் கை நுனியை வாயில் அடைத்திருந்தாள்.

"துப்பு! துப்புடி கண்ணு!"

பிடுங்கினாள். குழந்தை அழவில்லை. அம்மாவின் கையைத் தடவிப் பிடித்து, ஆட்காட்டி விரலை வாய்க்குள் இழுத்துக்கொண்டாள். அம்மா உருவப் பார்த்தாள். வரவில்லை. சின்னப் பற்கள் கவ்வியிருந்தன.

"விடும்மா... அம்மா சொல்றேன்ல, விடு..."

மகள் விட்டாள். பல நாளைக்குப் பிறகு பேசினாள்.

"இனிக்குதும்மா. நீ தூங்குறப்போ தினம் சாப்பிடுவேனே."

சொல்லிவிட்டு வாய்நிறையச் சிரித்தாள். ஊதா வெளிச்சத்தில் பற்கள் வெளேரென்று ஒளிர்ந்தன. அவற்றுக்கு மேலே, ஈறு நெடுக, மையால் இழுத்ததுபோல் ஒரு கருநீலக் கோடு. ஈயம் உடம்பில் ஊறினால் ஈறில் விழும் என்று அவள் படித்திருந்த அதே கோடு.