செவிக்கண் வெளியே போன நாள்

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குடியிருப்பில் ஆறாம் வகுப்பு தினமும் நாக்கு நீட்டுவதில்தான் தொடங்கும். பலாப்பழ அளவில் கூரையோரம் மிதக்கும் செவிக்கண் என்ற ஒட்டுக்கேட்கும் கருவி இறங்கி வரும். முந்தின நாள் வீட்டில் பேசியதையெல்லாம் ஒவ்வொரு பிள்ளையின் நாக்கடியில் பதித்த சில்லிலிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு அது வருகைப்பதிவு மாதிரி. கூச்சமே கிடையாது.

மங்கையர்க்கரசி டீச்சர் அன்று புத்தகத்தைத் திறந்தார். அடுத்த பாடம் 'குடிமக்களின் உரிமைகள்'. குடியிருப்பு நிர்வாகமே அச்சிட்டதுதான், நடத்தாமல் தாண்டிப் போவதுதான் வழக்கம். போன வருடம் நடத்தியவரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினார்கள். செவ்வாய் முழுக்கவே தண்ணியில்லாக் காடுதான் என்றாலும், அதிலும் மோசமாக ஓர் இடத்தை நிர்வாகம் தேடிப்பிடித்து வைத்திருந்தது.

ஆனால் இரண்டாம் வரிசையில் யாழிசை உட்கார்ந்திருந்தாள். போன வாரம் அவளுடைய அப்பாவைச் சோற்றுத் தட்டின் முன்னாலிருந்து எழுப்பிக் கொண்டுபோனார்கள். ஏன் என்று சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பாடத்தைத் தாண்ட டீச்சருக்கு மனம் வரவில்லை. காரணம் சொல்லாமல் யாரையும் பிடிக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் யாரையும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று வரி வரியாக நடத்தினார்.

யாழிசை எழுந்து கூரையைக் காட்டினாள். "அப்ப இது எதுக்கு டீச்சர் இங்க இருக்கு?"

டீச்சருக்கு மாற்றல் உத்தரவு கண்ணில் தெரிந்தது.

"அதையே கேளும்மா."

"எங்களுக்குச் சம்மதமில்ல. வெளிய போ."

செவிக்கண் ஒருமுறை மின்னியது. அதன் நிரலில் அப்படியொரு விதி நிஜமாகவே இருந்தது. குடியிருப்பு தோன்றிய நாளிலிருந்து யாரும் சொல்லிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். "சரிங்க" என்று மரியாதையாக வெளியேறியது.

பிள்ளைகள் தட்டியதில் மேசைகள் அதிர்ந்தன. ஒருவன் விசிலடித்தான். சுவர் ஒலிபெருக்கி டீச்சரைத் தலைமையாசிரியர் அறைக்கு உடனே வரச் சொன்னது. டீச்சர் பதறிக்கொண்டு கிளம்பினார், இரைச்சல் தாங்கவில்லை. இருபது வருடப் பழக்கம் வாய்க்கு வந்துவிட்டது.

"இது கிளாஸா, மீன் மார்க்கெட்டா?" என்றார், மீனையே பார்த்திராத பிள்ளைகளிடம். "எல்லாரும் வாயில விரல் வைங்க. லீடர், பேசுறவங்க பேரை போர்டுல எழுது."

லீடர் இளவெயினி முதலில் யாழிசை பெயரை எழுதினாள்.

"நான் இப்பப் பேசவே இல்லயே டீச்சர். என்ன காரணம்?"

"எதிர்த்தா பேசுற? லீடர், அவ பேருக்குப் பக்கத்துல ரெண்டு பெருக்கல் குறி போடு."

வகுப்புக்கு வெளியே நடையில் மிதந்துகொண்டிருந்த செவிக்கண் இதையும் நிர்வாகத்துக்கு அனுப்பிவைத்தது.

தலைமையாசிரியர் நிர்வாகத்திலிருந்து வந்த உத்தரவைப் படித்தார். அந்த வகுப்புக்கு இனிக் கருவி வேண்டாம், அதன் வேலை வகுப்புக்குள்ளேயே நன்றாக நடக்கிறது, ஆசிரியர் அங்கேயே தொடரலாம் என்றிருந்தது. டீச்சரின் காதில் விழுந்தவை கடைசி வார்த்தைகள்தான். வகுப்புக்கு ஏறக்குறைய ஓடியே வந்தார்.

"நாம ஜெயிச்சிட்டோம், பிள்ளைங்களா. இனிமே நீங்க என்ன வேணா பேசலாம்."

யாரும் உதட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. எல்லாக் கண்களும் லீடர் கையிலிருந்த எழுதுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தன.